பதினொன்றில் ஒன்று

கிசுமுவில் மழை ஏரிப் பக்கமிருந்துதான் வரும்.
அன்றும் அப்படித்தான்.
மாலை ஏழுக்கு, தகரக் கூரையின் இரைச்சலில்
பகல் பணி முடித்த அவுமா என்னவோ சொன்னாள்,
காதில் விழவில்லை.
சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.
இன்றிரவு வார்டு உன் பொறுப்பு என்பதற்கு
வேறு சடங்கு எதுவும் இல்லை.

முப்பத்திரண்டு கட்டில், நாற்பத்தொரு பேர்,
நான், ஒரு பயிற்சி மருத்துவர்,
பச்சைச் சீருடையில் மூன்றாமாண்டு மாணவி அதோங்கோ.
பதினான்கு மாதம் முன்புவரை
அந்தப் பச்சைக்குள் நான் இருந்தேன்.
வெள்ளைக்கு மாறிய அன்று கண்ணாடியில் பார்த்தேன்,
துணி மட்டும்தான் மாறியிருந்தது.

பதினான்காம் கட்டிலில் ஒகேலோ.
ஓமெனா மீனுக்கு விளக்கேற்றிப் போன படகில்
மண்ணெண்ணெய் சரிந்து இரண்டு தொடையும் வெந்தவர்.
கட்டு மாற்றும்போது அவர் கத்தவில்லை.
கட்டில் கம்பியைப் பிடித்தார்,
கம்பி கத்தியது.

மின்சாரம் போனது.
மூன்றாம் கட்டிலில் தையல் பிரிந்து ரத்தம்.
ஜெனரேட்டர் இருமி இருமி எழுந்துகொள்ளும்வரை
அதோங்கோ பிடித்த கைபேசி வெளிச்சத்தில்
ஒரு வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
என் பெயரே மறந்துபோய்.

இரண்டு மணிக்கு எண்ணினேன்.
பதிவேட்டில் மார்ஃபின் பதினொன்று.
பெட்டியில் பத்து.
பஞ்சை விலக்கி, அட்டையைக் கவிழ்த்து,
தரையில் மண்டியிட்டுக் கட்டிலடியில் துழாவி –
பத்து.

அப்போது என் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது.
என்னுடையது இல்லை, ஆனால் எனக்குப் பழக்கமானது.
முதலாண்டில், நோயாளிகள் பார்க்க,
என்னை நாலாக மடித்துப் பையில் போட்ட குரல்.
துப்புரவு செய்யும் ஒபியோவின் வாளியைக் கொட்டச் சொன்னது.
பயிற்சி மருத்துவரின் கோட்டுப் பையைக் காட்டச் சொன்னது.
அதோங்கோவிடம் மட்டும்
"நீ போய் ரத்த அழுத்தம் பார்" என்றது.

மூன்றரைக்கு அவள் வந்தாள்.
மேஜை விளிம்பைப் பார்த்தபடி சொன்னாள்:
"ஒகேலோவுக்குப் போட்டீர்கள், சிஸ்டர். பத்து இருபதுக்கு.
எழுதப் பேனாவைத் திறந்தீர்கள். விளக்கு அணைந்தது."

"முன்னாலேயே சொன்னால் என்ன?"

"என்னை நீங்கள் கேட்கவே இல்லை."

மழை எப்போதோ விட்டிருந்தது என்று
அப்போதுதான் உறைத்தது.

பதிவேட்டில் அந்த இடத்தில் ஒரு வரி காலியாக இருந்தது.
நேரத்தை மட்டும் அதில் செருகிவிட்டால் போதும்,
ஏரியில் போட்ட ஊசி. யாருக்குத் தெரியும்.
எதிரே நிற்கிறாளே,
அவளுக்குத் தெரியும்.
இதே சாவி ஒருநாள் அவள் இடுப்பிலும் தொங்கும்.

காலி வரியைக் கோடிட்டு அடைத்தேன்.
கீழே எழுதினேன்:
தரப்பட்டது 10.20. பதிவானது 3.40.
தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் என் பெயர்.
மாணவி சாட்சிக் கையெழுத்துப் போட விதி இல்லை.
படித்துப் பார்க்கச் சொன்னேன், படித்தாள்.

ஒபியோவிடம் போனதுதான் கஷ்டம்.
அவர் துடைப்பத்தை நிறுத்தவில்லை.
நான் சொல்லி முடித்த பிறகும் இரண்டு இழுப்பு இழுத்தார்.
"காலை எடுங்கள், ஈரம்" என்றார்.

காலை ஏழுக்கு அவுமா எண்ணினாள்.
பத்து. பத்து.
என் இடுப்பில் சாவி அழுந்திய தடம்,
கையில் மேட்ரன் அறைக்கு வரச் சொன்ன சீட்டு, ஒன்பது மணிக்கு.

வாசலில் மட்டாட்டுவுக்குக் காத்திருந்த அதோங்கோ
குறிப்பேட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள்.
கடந்து போனேன்.
பத்தடி போயிருப்பேன்,
திரும்பி வந்து
என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன்.